ரசமட்டம் கலைத்த மணல் மேடு

ஜேசிபி ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, அள்ளச் சொன்ன இடத்தில் அள்ளி, கொட்டச் சொன்ன இடத்தில் கொட்டி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடும். இன்னொரு வகை, கொட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்து, மனசு கேட்காமல் மறுபடியும் வண்டியில் ஏறும். கடற்கரைச் சாலையில் இரண்டாவது வகைக்கு ஒரே ஒரு ஆள்தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். ஊருக்கு அவர் ரசமட்டம்.

கொத்தனார்கள் தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டை வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழலும் குழலுக்குள் ஒரு குமிழியுமாக, அதற்குப் பெயர்தான் ரசமட்டம். குமிழி நடுவில் நின்றால் தரை சமம். ஜேசிபிக்காரனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இவர் சீட்டுக்குப் பக்கத்தில் அதை ஒரு துணியில் சுற்றி வைத்திருப்பார். பள்ளம் மூடச் சொன்னால் மூடி, இறங்கி, மண்ணில் கட்டையை வைத்து, ஒரு கண்ணை மூடிக் குமிழியைப் பார்ப்பார். நடுவில் நின்றால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் ஓரக்கோடு போடுவது ஒன்றில்தான் பெயர் வாங்கினார். வகுப்பு மொத்தத்துக்கும் அவரே கோடு போட்டுக் கொடுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன எழுதுவது என்று வந்தபோதுதான் படிப்பு நின்றுபோனது.

கல்யாணத்தன்று போட்டோ பிடிக்க எல்லாரும் சிரித்தபடி காத்திருந்தார்கள். மாப்பிள்ளையைக் காணவில்லை. தேடினால், பெண் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் இருந்தார். ஒரு கால் குட்டையாம். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே நான் எந்திரிச்சுப் போயிருக்கணும்" என்பாள் அவர் மனைவி. "ஆனா நாற்காலி ஆடாம நல்லா இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

அந்த அம்மாளுக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கடை. டீ, ரொட்டி, பொரித்த மீன். வரிசையாக இருக்கும் கடைகளில் கடைசிக் கடை. மீன் கொண்டுவந்து போடுவது அவளுடைய தம்பி. அவனுக்குச் சொந்தமாக ஒரு படகும், படகை விட நீளமான நாக்கும் உண்டு.

கடைகளுக்கு எதிரே, சாலைக்கும் கடலுக்கும் நடுவே முன்பு ஒரு மணல் மேடு இருந்தது. முள்ளும் கொடியுமாக, கண்டபடி புடைத்துக்கொண்டு கிடக்கும். அதை எடுத்துவிட்டால் கடையில் இருந்தபடியே கடலைப் பார்க்கலாம், ஆள் வரும், வியாபாரம் ஏறும் என்று கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நகராட்சியிடம் சொல்லி ஏற்பாடு பண்ணினார்கள். எடுத்தது யார்? ரசமட்டம்தான். தன் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று இன்றைக்கும் சொல்லுவார். சாலை ஓரத்திலிருந்து அலை வரைக்கும் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். ஆள் வந்தது, வியாபாரம் ஏறியது. அடுத்து கடல் கொந்தளிக்கிற பருவம் வந்தது. கடலும் கடைக்குள் வந்து உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் வந்தது. அடுப்பு நனையும். ஐஸ் பெட்டி மிதக்கும்.

"அக்கா, இனிமே நான் எதுக்குக் கடலுக்குப் போகணும்?" என்பான் தம்பி. "கதவைத் திறந்து வச்சுட்டு வாசல்ல வலையைக் கட்டிடு. மாமா புண்ணியத்துல மீன் நடந்தே வரும்."

"உன் படகு ஒரு பக்கமாச் சாஞ்சு கிடக்கு, அதை முதல்ல நிமித்துடா மச்சான்" என்பார் ரசமட்டம். அவருக்குத் தெரிந்த திட்டு அவ்வளவுதான்.

கடைசியாகத் தண்ணீர் வந்தபோது நகராட்சி அதிகாரி முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா இந்த வரிசையில கடை கிடையாது. ஆள் உசுரு போனா நான் பதில் சொல்ல முடியாது."

அன்றைக்குச் சாயங்காலம் அந்த அம்மாள் புருஷனுக்கு டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். டீ சிந்தியது. துடைக்கவில்லை. விஷயம் பெரிது என்று ரசமட்டத்துக்கு உறைத்தது அப்போதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் புல் மேடம் வந்து சேர்ந்தார்.

கடலையும் கரையையும் காப்பாற்ற என்று ஒரு அறக்கட்டளை. யாரோ ஒரு பெரிய மனிதர் தன் சொத்தில் பாதியை எழுதிவைத்துத் தொடங்கியது. அங்கிருந்து வந்தவர். வெயிலில் கறுத்த முகம், பெரிய தொப்பி, எப்போது பார்த்தாலும் கையில் ஏதாவது ஒரு புல். அதனால் புல் மேடம். கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். எடுத்த மேட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அதில் இராவணன் மீசை நட வேண்டும்.

"மீசையா?" என்றான் தம்பி.

"புல்லோட பேருங்க. குத்துக் குத்தா விறைப்பா நிக்கும். காத்துல பறக்கற மணலைப் பிடிச்சு வச்சுக்கும். மேடு தானா வளரும். கடல் வந்து முட்டினா மேடு கொஞ்சம் மணலைக் கொடுக்கும். அப்புறம் திரும்ப வாங்கிக்கும்."

"நம்ம மீனவர் சங்கத்து ஆளுங்கள விட யோக்கியமா இருக்கே" என்றான் தம்பி.

ஒரு ஜேசிபி வேண்டும் என்றார் மேடம். கடைக்கார அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரண்டியைப் பின்பக்கம் நீட்டினாள். அங்கே ரசமட்டம் ஒரு மேஜையின் காலுக்கு அட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"இடிச்சது அவருதான். அவரே கட்டட்டும்."

ரசமட்டம் கட்டினார். ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து கட்டினார். மேடம் வேறு ஒரு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, சாலை நெடுக ஒரு மேடு நின்றது. கத்தியால் அறுத்த ரொட்டி மாதிரி. மேலே தட்டை, பக்கம் இரண்டும் ஒரே சாய்வு, மூலைகள் கண்ணைக் குத்தின. ரசமட்டம் உச்சியில் கட்டையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். குமிழி நடுவில் பொட்டு மாதிரி நின்றது.

மேடம் குனிந்து குமிழியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். நல்ல மனுஷி, சட்டென்று ஒன்றும் சொல்லிவிடவில்லை.

"அண்ணே, ரொம்ப அழகா இருக்கு."

"ஹும்" என்றார் ரசமட்டம், வெட்கத்தோடு.

"கலைச்சிடுங்க."

தம்பி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். "இதுல விமானம் இறக்கலாம்னு பாத்தேன் மாமா, அந்த மேடம் விட மாட்டேங்குறாங்களே!"

கலைப்பது கட்டுவதை விடச் சிரமமாக இருந்தது. மேடம் கீழே நின்று கத்துவார்: "கோணலா கொட்டுங்கண்ணே! இல்ல, இல்ல, அது நேராப் போகுது. இன்னும் கோணல்!" ரசமட்டத்தின் கை லிவரைக் கோணலாக இழுக்கும். மனசு பாதி வழியில் நேராக்கிவிடும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினார். இறங்கிப் பார்த்தால் ஒட்டகம் கூட்டமாகப் படுத்த மாதிரி இருந்தது. "இதான்! இதேதான்!" என்று மேடம் கை தட்டினார். ரசமட்டத்துக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்தது.

கடைக்காரப் பெண்கள் சேர்ந்து மீசை நட்டார்கள். அலை ஒதுக்கிய கடற்பாசியைக் கூட்டக் கூடாது, அதுவும் மணல் பிடிக்கும், அது மக்கித்தான் புல்லுக்கு உரம் என்று உத்தரவு. பாசி நாறியது, காய்ந்தது. மீசை வேர் பிடித்தது. மேடு சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை மாதிரி இங்கே ஒரு முழம், அங்கே ஒரு சாண் என்று இஷ்டத்துக்கு வளர்ந்தது. ரசமட்டம் கடைக்கு வரும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார்.

அப்போது அறக்கட்டளையைத் தொடங்கிய பெரியவரே நேரில் வருகிறார் என்று சேதி வந்தது. வேலையைப் பார்த்துவிட்டு, பிடித்தால் தொடரச் சொல்வார். பிடிக்காவிட்டால் புல் மேடம் புல்லை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். வேர் பிடித்தும் பிடிக்காமலும் நிற்கிற மேடு ஆளில்லாமல் வரப்போகிற கொந்தளிப்பைத் தாங்காது. மேடு போனால் கடை போகும். வேண்டுமென்றே கடல் ஏற்றமாக இருக்கும் முழுநிலா நாளாகப் பார்த்து அவரை அழைத்திருந்தார் மேடம். அலை வந்து மேட்டில் முட்டித் திரும்புவதைப் பெரியவர் கண்ணாலே பார்க்கட்டும் என்று.

"நாளைக்கு அந்த மேட்டுப் பக்கம் போயிடாதீங்க" என்றாள் மனைவி.

"நான் எதுக்குப் போறேன்?"

"உங்க கை அரிக்குது. பாக்கறேன்ல."

மறுநாள் விடிந்ததும் ரசமட்டம் போனார். ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்கத்தான் போனார், வேறு ஒன்றுக்கும் இல்லை. பாட்டிலைப் பொறுக்கினார். பக்கத்தில் ஒரு நாய் தோண்டிய குழி. பெரிய மனிதர் வருகிற இடத்தில் நாய்க் குழி இருக்கலாமா? காலால் மூடினார். மூடிய இடம் மேடு தட்டியது. மேடு தட்டிய இடத்தைத் தட்டினால் பக்கத்து இடம் பள்ளமாகத் தெரிந்தது. காலால் செய்கிற வேலை இல்லை இது. வண்டி சாலையோரத்தில்தான் நின்றது. பாசிக் குவியல் வேறு, கல்யாண வீட்டு எச்சில் இலை மாதிரி அசிங்கமாகக் கிடந்தது...

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூட்டிப் பெருக்குவதில்லையா? அந்த நியாயம்தான் அவருக்கு. அவர் பிடித்த லிவரை விட்டது, நடுவழியில் டீசல் தீர்ந்து வண்டி இருமிக்கொண்டு நின்றபோதுதான். அதற்குள் மேட்டில் பாதி சப்பட்டையாகிப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. கடல் பக்கம் வழவழவென்று ஒரு சரிவு. அந்தப் பாதியில் மீசை முழுக்க மழித்தாயிற்று. மறு பாதி பழையபடி ஒட்டகமாகக் கிடந்தது.

கடை திறக்க வந்த மனைவி சாலையிலேயே நின்றுவிட்டாள். ரசமட்டம் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"ஏங்க."

"ம்."

"என்னங்க இது?"

"கொஞ்சம்... ஒதுங்க வச்சேன்."

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. கடையைப் பார்த்தாள். "ஐஸ் பெட்டிய இன்னைக்கே வித்துடலாம். நாளைக்கு யாரு வாங்குவா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். திட்டியிருந்தால் ரசமட்டம் பிழைத்திருப்பார்.

புல் மேடம் காரிலிருந்து இறங்கி மேட்டைப் பார்த்தார். கையிலிருந்த புல் கீழே விழுந்தது. அதற்குள் பின்கதவு திறந்து பெரியவர் இறங்கிவிட்டார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஷூ. ஆயுசு முழுக்க மெத்தை செய்து விற்றவர். பாதி நாட்டைத் தூங்கவைத்தவர் என்று சொல்லுவார்கள். அவர் ஒட்டகப் பாதியைப் பார்த்து முகம் சுளித்தார். மழித்த பாதிக்கு வந்தார். நின்றார். குனிந்து உள்ளங்கையை மணலில் வைத்து, கடையில் மெத்தை பார்ப்பது போல் மெல்ல அழுத்தினார்.

"ஆஹா" என்றார். "யாரு செஞ்சது?"

தம்பி மாமாவை விரலால் காட்டினான்.

"தம்பி, இது வேலை! நாப்பது வருஷமா என் ஆளுங்ககிட்ட இதுக்குத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். மேடம், அந்தப் பாதியையும் இதே மாதிரி பண்ணிடுங்க. நெடுக இப்படியே. மேல நடக்கிறதுக்கு ஒரு பாதை போடுவோம்."

புல் மேடம் குனிந்து விழுந்த புல்லை எடுத்தார். கொடுக்கிறவர் பிடித்திருக்கிறது என்கிறார். இல்லை ஐயா, இது தப்பு, நீங்கள் ரசிப்பது மேட்டின் பிணத்தை என்று எப்படிச் சொல்வது?

ரசமட்டம் அங்கேதான் மாட்டிக்கொண்டார். அவர் வேலையை இப்படிப் புரிந்துகொண்டு புகழ்ந்த மனிதன் உலகத்திலேயே இந்த ஒருவர்தான். அண்ணன் தம்பிகூட இவ்வளவு ஒட்ட மாட்டார்கள். சும்மா நின்றால் போதும், மாலை விழும். திரும்பிக் கடையைப் பார்த்தார். மனைவி கல்லாப் பக்கம் ஒரு கையை வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா" என்றார் ரசமட்டம். "இது நான் கெடுத்தது."

"என்னது?"

"மேடம் செஞ்சது அந்தக் கோணல் மாணல்தான். அதுதான் சரி. அதைப் பாத்தா எனக்கு உடம்பெல்லாம் எரியும், ஆனா அதுதான் சரி. இதை நான் காலைல வந்து... கூட்டிட்டேன்."

"கூட்டினது நல்லதுதானே!"

"இல்லீங்க ஐயா. உங்க மெத்தையவே எடுத்துக்குங்க. பலகை மாதிரி நேரா இருந்தா யாரு படுப்பா? உள்ள ஸ்பிரிங் மேலயும் கீழயும் துள்ளுறதாலதான..."

பெரியவரின் முகம் சிவந்தது. "தம்பி, நான் பஞ்சு மெத்தைக்காரன். ஸ்பிரிங், ஸ்பிரிங்னு சொல்லித்தான் என் பாதி வியாபாரத்தைக் கவுத்தானுங்க. அந்தப் பேச்சை என்கிட்ட எடுக்காத!"

"மாமா, வாயையும் மட்டமா வச்சிருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தான் தம்பி.

பேச்சு இந்த லட்சணத்தில் நிற்கும்போது கடல் ஏற ஆரம்பித்தது. முதலில் ஒட்டகப் பாதியில் ஒரு அலை வந்தது. பாசியில் தடுக்கி, குழியில் விழுந்து, மீசைக் குத்துகளுக்குள் புகுந்து திணறி, வந்த வழியே மூச்சு வாங்கிக்கொண்டு போனது. அதே அலையின் இன்னொரு நுனி இந்தப் பக்கம் வந்தது. இங்கே தடுக்க என்ன இருக்கிறது? வழவழப்பான சரிவில் வழுக்கி ஏறி, தட்டை உச்சியில் சொகுசாக நடந்து, மறுபக்கம் இறங்கி, பெரியவரின் ஷூவுக்குள் போய்ச் சாலையைத் தொட்டது.

கடைக்கார அம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "நல்லாத்தான் ரோடு போட்டிருக்காரு. கடலுக்கு!"

பெரியவர் ஷூவைப் பார்த்தார். ஒட்டகங்களைப் பார்த்தார். ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"வயசான காலத்துல" என்றார் கடைசியில், "கோணலைப் பாத்துப் பழகிக்கோன்னா என்ன அர்த்தம்?"

"எனக்கும் அதே கஷ்டம்தாங்க ஐயா" என்றார் ரசமட்டம்.

தம்பி படகுக்கு வைத்திருந்த டீசலைக் கொண்டுவந்து கொடுத்தான், வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே. ரசமட்டம் வண்டியில் ஏறினார். தன் கையால் செய்த அருமையான தட்டையைத் தானே குத்திக் கிளறினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கீழே பெரியவர் வெறுங்காலோடு நின்று, ஒவ்வொரு பக்கெட் விழும்போதும் "ச்சு" கொட்டினார். இழவு வீட்டில் இருவரும் ஒரே பக்கத்துச் சொந்தம் மாதிரி இருந்தது.

வேலை தொடரட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் பெரியவர் கிளம்பினார். ஒரே ஒரு ஆசை மட்டும் சொன்னார். உட்கார்ந்து கடலைப் பார்க்க மேட்டில் ஒரு பெஞ்ச். மேட்டுக்குப் பின்னால் போடலாம் என்றார் மேடம். பின்னாலிருந்து பார்த்தால் மேடுதானே தெரியும் என்றார் பெரியவர். ஊருக்குப் போனதும் ரசமட்டத்தின் வீட்டுக்கு ஒரு மெத்தை அனுப்பினார். சுத்தமான பஞ்சு. ரசமட்டம் அதன் மேல் கட்டையை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில். நீளவாக்கில் வைத்தார். நடுவில். மூலைக்கு மூலை வைத்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"என்னையப் பாத்து ஒரு நாளாவது இப்படிக் கலங்கியிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

அப்படி ஒரு மெத்தை கொடுத்த மனிதரின் பெஞ்சை எப்படிக் கோணலில் வைப்பது? மேடம் வெளியூர் போயிருந்த நேரத்தில், மேட்டின் நடுவே ஒரு பெஞ்ச் அளவுக்கு மட்டும், வெறும் பெஞ்ச் அளவுக்கு, ரசமட்டம் வெட்டிச் சமப்படுத்தினார். பெஞ்சும் வந்து உட்கார்ந்தது. மேடம் திரும்பி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"அண்ணே. பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. தண்ணி நேரா அது வழியாத்தான் வரும்."

"ஒரே ஒரு பெஞ்ச்தான மேடம்."

"கடலுக்கு அது போதும்ணே." பெஞ்சைச் சுற்றி நெருக்கமாக மீசை நட்டுவிட்டுப் போனார். அது வேர் பிடிக்க நாள் கிடைக்கவில்லை.

கொந்தளிப்பு முன்கூட்டியே வந்தது. காற்று விடாமல் அடித்து, ஒரு நாள் பட்டப்பகலிலேயே வானம் இருண்டு, கடல் எழுந்து நின்றது. மற்ற கடைக்காரர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த அம்மாள் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாசற்படியில் நின்றாள். அலை மேட்டில் முட்டியது. மேடு கொஞ்சம் மணலைக் கொடுத்தது. மறுபடி முட்டியது. மறுபடி கொடுத்தது. ஒட்டகங்கள் இளைத்தன, ஆனால் நின்றன. மேடம் நனைந்த தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "தாங்கும், தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் கடல் அந்தப் பல்லு விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தது. பெரிய அலை ஒன்று உள்ளே புகுந்து, பெஞ்சை அப்படியே தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து, கடை வாசற்படியில் மோதிப் போட்டது. தண்ணீர் மேல்படியை நக்கிவிட்டுத் திரும்பியது. அடுத்த அலை வந்தால் உள்ளேதான்.

கடைக்கார அம்மாள் பெஞ்சைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "உங்க குமிழி எங்கங்க இருக்கு இப்போ?"

ரசமட்டம் சுற்றும் முற்றும் பார்த்தார். ஈர மணலில் ஜேசிபி இறங்காது, புதைந்துவிடும். மேடம் வாங்கி வைத்த மணல் மூட்டை எல்லாம் மேட்டின் மறு கோடியில் கிடந்தது. வீடு மட்டும்தான் பக்கம், கடைக்குப் பின் தெருவில். "மச்சான், வாடா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். இருவரும் திரும்பி வந்தபோது தலையில் மெத்தை.

"மாமா, வேற எதுனா... கட்டில் இருக்கு, பீரோ இருக்கு..."

"இது மட்டும்தாண்டா தண்ணிய குடிக்கும். பேசாம தூக்கு."

இடைவெளியில் மெத்தையைக் குறுக்கே நிறுத்தினார்கள். அந்தக் காற்றிலும் மேடம் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். "அண்ணே, நில்லுங்க! உறை பிளாஸ்டிக்! மேட்டுக்குள்ள பிளாஸ்டிக் போகக் கூடாது!"

"அடேங்கப்பா!" என்று தம்பி கத்தினான். "கடல் வாசல்ல நிக்குது, இவங்க சட்டம் பேசுறாங்க!"

ஆனாலும் உறையை உரித்தார்கள். ரசமட்டம்தான் உரித்தார், சட்டை கழற்றுவது மாதிரி, ஓரம் கிழியாமல். அலை வந்தது. பஞ்சு அதை ஒரே மூச்சில் குடித்தது. குடித்த மெத்தை எருமை மாதிரி கனத்து, இரு பக்க மணலிலும் புதைந்து, நகராமல் உட்கார்ந்தது. மெத்தைக்குப் பின்னால் ரசமட்டமும் மச்சானும் முதுகைக் கொடுத்து நின்றார்கள். மேடமும் மனைவியும் மூட்டை சுமந்து வந்து அடுக்கினார்கள். கோணலாகத்தான் அடுக்கினார்கள். ரசமட்டம் அதைப் பார்த்தார். முதுகை இன்னும் அழுத்திக் கொடுத்தார்.

கடல் இறங்கிய பிறகு நகராட்சி அதிகாரி வந்தார், வழக்கம் போல் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு. கடைக்குள் போய்த் தரையைப் பார்த்தார். குனிந்து தொட்டுப் பார்த்தார். தொட்ட விரலைத் தேய்த்துப் பார்த்தார். தூசிதான் ஒட்டியது. சுருட்டியதை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு டீ சொன்னார். அந்த அம்மாள் டீயைக் கொண்டுவந்து மெல்ல வைத்தாள், ஒரு சொட்டு சிந்தாமல்.

மெத்தையை எடுக்கவே முடியவில்லை. மேடு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மேலே மணல் ஏறியது, அதற்கு மேல் மீசை முளைத்தது, மற்ற இடங்களை விட அடர்த்தியாக. ரசமட்டம் பழையபடி பாயில் படுத்தார். பாய் ஒரு பக்கம் சுருண்டிருக்கும். அதை அட்டை வைத்துச் சரிசெய்ய முடியாது.

அடுத்த வருஷம் பெரியவர் வந்தார், இந்தத் தடவை ரப்பர் செருப்போடு. கடை வாசலில் கடல் போட்ட இடத்திலேயே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ரசமட்டமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, மெத்தை எப்படி? நல்லா தூக்கம் வருதா?"

ரசமட்டம் மேட்டைப் பார்த்தார். மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னாள்: "அவருக்கு எங்கங்க ஐயா? மேடு தூங்குது."

பெரியவர் எழுந்து போய்ப் பார்த்தார். மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் ஒரு பெருமை. "பஞ்சு" என்றார். "ஸ்பிரிங்கா இருந்தா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

டீ வந்தது. இருவரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடல் தெரியவில்லை என்றாலும். பெஞ்சின் ஒரு கால் உள்ளே இறங்கி, பெரியவர் ரசமட்டத்தின் பக்கம் சரிந்துகொண்டே வந்தார். பெரியவரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போய், ஒரு மடித்த அட்டையை எடுத்தது. ரசமட்டத்தின் பையிலிருந்து ஏற்கெனவே ஒன்று பாதி வெளியே வந்திருந்தது.

"ரெண்டு பேரும் கையை எடுங்க" என்றாள் கடைக்கார அம்மாள், திரும்பாமலே. "அந்த பெஞ்சு கடல் வச்சது. தொட்டீங்க, டீ கிடையாது."

அட்டைகள் பைக்குள் போயின. பெஞ்ச் சாய்ந்திருந்தது. அதன் மேல் வைத்த டம்ளர்களும் சாய்ந்திருந்தன. உள்ளே இருந்த டீ மட்டும் ஒரு நூல் பிசகாமல் சமமாக நின்றது. இருவரும் ஆற ஆற அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.